ஏழாம் மாதத்து இளைப்பு

ஆரணியை வெளியூர்க்காரர்கள் பட்டாலும் அரிசியாலும் அறிவார்கள். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி நெல் அரவை ஆலைகள். ஊருக்குள்ளும் தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் முதலான பக்கத்து ஊர்களிலும் பட்டுத் தறிகள். கைத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆண் தறிக்குழியில் இறங்கினால் பெண் ராட்டையில் தார் சுற்றுவாள். பல வீடுகளில் பெண்ணே தறியில் உட்கார்ந்து ஊடை ஓட்டுவாள். சமையல், தொட்டில், சாயம் ஏறிய நூல் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அப்படி ஒரு வீட்டில், சிறுவயதிலிருந்தே இளைப்பு, அதாவது ஆஸ்துமா, உள்ள ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையும் இரவும் புடிசோனைடு இன்ஹேலர் இழுத்து, அதனால் இளைப்பில்லாமல் இருந்துவந்தவள். இனி அவள் காதில் விழும் பேச்சு நமக்குத் தெரிந்ததுதான்: "வாயும் வயிறுமா இருக்கறப்ப பம்ப் எல்லாம் அடிக்காதம்மா, கொழந்தைக்கு ஆகாது." சொல்பவர்கள் அவள்மேல் அன்புள்ளவர்கள். மாமியார், அம்மா, மூத்த நாத்தனார். சில சமயம் மருந்துக்கடைக்காரரும். அவள் பம்பை அலமாரியில் வைத்துவிடுகிறாள். யாரும் சொல்லாவிட்டாலும் அவளே வைத்துவிடக்கூடும்.

இது ஆரணியின் பழக்கமோ தமிழ்நாட்டின் பழக்கமோ மட்டும் அல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு மருத்துவ உதவி பெறும் கர்ப்பிணிகளின் மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்த குழு ஒன்று 2006-இல் முடிவை வெளியிட்டது. கர்ப்பத்தின் 5-ஆம் வாரத்திலிருந்து 13-ஆம் வாரத்துக்குள், புடிசோனைடு போன்ற உறிஞ்சும் ஸ்டீராய்டு வாங்குவது 23 விழுக்காடு குறைந்தது. உடனடி நிவாரண மருந்து 13 விழுக்காடும், இளைப்பு முற்றும்போது கொடுக்கும் ஸ்டீராய்டு 54 விழுக்காடும் குறைந்தன. கர்ப்பம் என்று தெரிந்ததும் கை பின்வாங்குகிறது.

மருத்துவர்களின் கையும் பின்வாங்குகிறது. அமெரிக்காவின் 36 அவசரப் பிரிவுகளில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், இளைப்போடு வந்த மற்ற பெண்களில் 66 விழுக்காட்டினருக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதே நிலையில் வந்த கர்ப்பிணிகளில் 44 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்தது. வீட்டுக்கு அனுப்பி இரண்டு வாரம் கழித்து விசாரித்தபோது, இளைப்பு இன்னும் தீரவில்லை என்று சொன்னவர்கள் கர்ப்பிணிகளிடையே ஏறத்தாழ மூன்று மடங்கு. குழந்தையைக் காப்பதாக நினைத்துத்தான் மருந்தைக் குறைத்தார்கள். குழந்தைக்குக் கிடைத்தது இரண்டு வாரம் மூச்சு வாங்கும் தாய்.

பம்பை நிறுத்துவது தவறு என்பதற்கான ஆதாரம் இன்று வலுவாக இருக்கிறது. அது எப்படித் திரண்டது, எந்த இடத்தில் உண்மையிலேயே எச்சரிக்கை வேண்டும் என்பதை அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் முழுதாகத் தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர்கள். 'பயப்படாதே' என்ற ஒற்றைச் சொல் அவர்களுக்குப் போதாது.

முதலில் மூச்சு. கருவுற்ற சில வாரங்களிலேயே புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது. ஒரு நிமிடத்தில் உள்ளே போய் வெளியே வரும் காற்றின் அளவு 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதனால் தாயின் இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் வழக்கமான 40 மில்லிமீட்டரிலிருந்து 30 அளவுக்கு இறங்கிவிடும். இந்த இறக்கம் குழந்தைக்காக. மேட்டுக் கழனியிலிருந்து பள்ளக் கழனிக்கு மடை வழியே தண்ணீர் இறங்குவதுபோல, குழந்தையின் இரத்தத்தில் சேரும் கரியமில வாயு நச்சுக்கொடி வழியாகத் தாயின் பக்கம் இறங்க இந்தச் சரிவு வேண்டும்.

இதிலிருந்து ஓர் ஆபத்தான குழப்பமும் வருகிறது. கடும் இளைப்போடு வரும் கர்ப்பிணியின் இரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு 40 என்று வந்தால், தாளில் அது இயல்பான எண். அவளுக்கோ அது அபாய மணி. 30-இல் இருக்க வேண்டியது 40-க்கு ஏறியிருக்கிறது என்றால் மூச்சுத் தசைகள் களைத்துப்போகின்றன என்று பொருள். அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தால் இரண்டு உயிர் பிழைக்கும்.

இன்னொரு குழப்பம் வீட்டிலேயே நடக்கிறது. ஆஸ்துமா இல்லாத கர்ப்பிணிகளிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அது புரோஜெஸ்டிரோனின் வேலை, கேடில்லை. ஆஸ்துமா உள்ளவளுக்கு மூச்சு வாங்கினாலும் 'மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. கர்ப்பத்தினால் வரும் மூச்சு வாங்கலில் நெஞ்சில் விசில் சத்தம் இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பாது. பீக் ஃபுளோ மீட்டர் என்ற சிறு பிளாஸ்டிக் கருவியில் முழு வேகத்தில் ஊதினால் வரும் எண் கர்ப்பத்தினால் குறைவதில்லை. அந்த எண் இறங்கினால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இந்தக் கருவி ஒன்று இருக்க வேண்டும் என்பது என் வலுவான எண்ணம்.

குழந்தையின் பக்கம் பாருங்கள். தாயின் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 100. தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும் இரத்தத்தில் அது 30-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அவ்வளவு குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் தனிவகை ஹீமோகுளோபின் குழந்தையிடம் இருப்பதால் அது வளர்கிறது. ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. அதனால்தான் பொதுவாக மற்றவர்களுக்கு 92, 93 விழுக்காட்டைப் பார்த்துப் பதறாத மருத்துவர்கள், கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே போகவிடக்கூடாது என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் வனெசா மர்ஃபியும் பீட்டர் கிப்சனும் அவர்களுடைய குழுவினரும் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்று சேர்த்து 2006-இல் கண்டது இது: கர்ப்ப காலத்தில் கடும் இளைப்பு வந்து போன பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, ஆஸ்துமாவே இல்லாத பெண்களைவிட இரண்டரை மடங்கு.

கர்ப்பத்தில் ஆஸ்துமா எப்படி நடந்துகொள்ளும்? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மோசமாகும். ஒரு பங்கினருக்கு அப்படியே இருக்கும். ஒரு பங்கினருக்குத் தணியும். யார் எந்தப் பங்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மோசமாகும் காலம் மட்டும் ஓரளவு தெரியும்: 24-ஆம் வாரத்திலிருந்து 36-ஆம் வாரம் வரை. கடைசி நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

நம் கணக்கில் அந்த 24 முதல் 36 வாரம் என்பது ஆறாம் மாத முடிவிலிருந்து ஒன்பதாம் மாதம் வரை. வளைகாப்பு நடக்கும் காலம். வீடு நிறைய உறவினர், அவர்களோடு வரும் சளி, காய்ச்சல், கற்பூரம், ஊதுவத்தி, ஓமப்புகை, தலைக்குக் குளிப்பாட்டிக் கூந்தலுக்குப் பிடிக்கும் சாம்பிராணி. ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுவதில் சளிக் கிருமிகள்தான் முதலிடம். புகை அதற்கு அடுத்து. வளைகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாளில் அவள் உட்காரும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும், சாம்பிராணி வாசலோடு நிற்கட்டும், இருமுபவர்கள் தள்ளி நின்று வாழ்த்தட்டும்.

மருந்தை நிறுத்தியதன் விளைவும் அந்த மாதத்தில்தான் வந்து சேர்கிறது. உறிஞ்சும் ஸ்டீராய்டை நிறுத்திய மறுநாளே இளைப்பு வருவதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் வீக்கம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லத் திரும்புகிறது. இரண்டாம் மாதத்தில் நிறுத்தியவள் நான்காம் மாதத்தில், 'பம்ப் இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்' என்கிறாள். வீட்டிலும் தாங்கள் சொன்னது சரி என்று நிம்மதி. ஆறாம் மாதம், ஏழாம் மாதம் ஒரு சளி பிடிக்கிறது. அன்றிரவு 108-ஐக் கூப்பிட வேண்டியதாகிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு நாள் ஓடிவிட்டதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. குற்றம் கர்ப்பத்தின் மேலும் பனியின் மேலும் விழுகிறது.

ஃபின்லாந்தில் 504 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இது எண்ணாகவே தெரிந்தது. தொடக்கத்திலிருந்தே உறிஞ்சும் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 4 விழுக்காட்டினருக்குக் கடும் இளைப்பு வந்தது. எடுக்காமல் தொடங்கியவர்களில் 17 விழுக்காட்டினருக்கு. மருந்து எடுக்காதவர்கள் நோய் லேசாக இருந்தவர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அச்சம் போகாது. போகக்கூடிய அச்சமும் அல்ல அது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள், மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961-இன் கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை, கால் குறைந்து பிறந்தார்கள். கர்ப்பிணிக்கு எந்த மருந்தும் கூடாது என்ற எண்ணம் இன்றைய அளவுக்கு இறுகியது அதன் பிறகுதான். 'மாசமா இருக்கறப்ப மருந்து வேண்டாம்' என்று சொல்லும் பாட்டி அறியாமையில் பேசவில்லை; இருபதாம் நூற்றாண்டு பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைத்தான் சொல்கிறார். அந்தப் பாடத்தை எல்லா மருந்துகளுக்கும் ஒரே அளவாகப் பூசும்போது தவறு நேர்கிறது.

ஒரு மருந்து கருவைப் பாதிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கர்ப்பிணிகளைச் சோதனைக்கு உட்படுத்த யாரும் துணிவதில்லை. குறையோடு குழந்தை பெற்ற தாயிடம் போய் 'முதல் மூன்று மாதத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டால், அவள் ஒவ்வொரு மாத்திரையையும் தேடித் தேடி நினைவுகூர்வாள். நல்லபடியாகப் பெற்றவள் பாதியை மறந்திருப்பாள். இரண்டையும் ஒப்பிட்டால் எந்த மருந்தும் குற்றவாளியாகத் தெரியும்.

ஸ்வீடன் இதற்கு ஒரு வழி கண்டது. 1973-இல் அங்கே நாடு முழுவதற்குமான பிறப்புப் பதிவேடு தொடங்கியது. 1990-களின் நடுவிலிருந்து, கர்ப்பிணி முதல்முறை வரும்போதே, அதாவது 10 முதல் 12 வாரத்துக்குள், மருத்துவச்சி அவளிடம் கேட்டு என்னென்ன மருந்து எடுக்கிறாள் என்று எழுதிக்கொள்கிறார். குழந்தை எப்படிப் பிறக்கும் என்று அந்த நேரத்தில் தாய்க்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. இந்த முறையின் உயிர் அந்த அறியாமையில்தான் இருக்கிறது. கர்ப்பத் தொடக்கத்தில் புடிசோனைடு உறிஞ்சிய தாய்மார்களுக்குப் பிறந்த 2,014 குழந்தைகளின் கணக்கை பெங்ட் ஷெலேன் குழுவினர் 1999-இல் வெளியிட்டார்கள். பிறவிக் குறை இருந்தவை 3.8 விழுக்காடு. அந்நாட்டின் எல்லாக் குழந்தைகளிலும் அது 3.5 விழுக்காடு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான்.

அந்த 3.5-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். எந்த மருந்தும் தொடாத பெண்களின் நூறு குழந்தைகளிலும் மூன்றோ நான்கோ ஏதோ ஒரு குறையோடு பிறக்கின்றன. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. பம்ப் அடித்த பெண்ணுக்கு அப்படி ஒரு குழந்தை பிறந்தால் தெரு முழுக்கக் காரணம் 'தெரிந்துவிடும்'. அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் அதைச் சுமப்பாள். இந்த ஓர் எண் அவள் காதுக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதலாம்.

தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்கிறோம். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போகிறார். ஆஸ்துமா உண்டா, என்ன மருந்து என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைகளை அந்தப் பதிவோடு சேர்த்துக் கோத்து ஆராய்ந்தால், சில ஆண்டுகளில் நம் பெண்களைப் பற்றிய நம் கணக்கே கைக்கு வரும். ஸ்வீடனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையிருக்காது.

அடுத்தது அளவு. இளைப்புக்குப் பம்பைவிட மாத்திரை மென்மையானது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பம்ப் என்றால் கடைசிக் கட்டம், பழகிவிடும், விட முடியாது என்பார்கள். உண்மைக் கணக்கு நேர் எதிர். உடனடி நிவாரணம் தரும் சால்புடமால் பம்பில் ஓர் இழுப்பு 100 மைக்ரோகிராம். அதே சால்புடமாலின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அப்படிப்பட்ட 40 இழுப்புக்குச் சமம். மாத்திரை வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுக்கச் சுற்றி, நெஞ்சு படபடக்க, கை நடுங்க, மிச்சம்தான் நுரையீரலுக்குப் போகிறது. நச்சுக்கொடியையும் தொடுகிறது. பம்போ, வேலை நடக்க வேண்டிய இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோகிறது. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் புடிசோனைடு எடுப்பவள் நூறு நாளில் உறிஞ்சும் மொத்த எடை 40 மில்லிகிராம். முற்றிய இளைப்புக்கு ஒரே நாளில் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் எடை அது. இரண்டின் வீரியமும் ஒன்றல்ல, எடைக்கு எடை புடிசோனைடு வீரியம் கூடியது. ஆனாலும் எது உடலில் அதிகம் பரவும் என்பதில் ஐயமில்லை. ஸ்பேசர் என்ற உருளையைப் பொருத்தி இழுத்து, பிறகு வாய் கொப்பளித்துவிட்டால் இரத்தத்தில் சேர்வது இன்னும் குறையும்.

மருந்தை நேரே மூச்சில் அனுப்பும் எண்ணத்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தார். சோழமண்டலக் கரையில் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதியவர். பட்டின் மேல் இவ்வளவு ஆசை வைத்த அதே ஆண்டர்சன்தான், ஊமத்தையைப் புகைத்து இளைப்பைத் தணிக்கும் உள்நாட்டு வழக்கத்தை ஐரோப்பியருக்குச் சொன்னவரும். ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவர் 1802-இல் அதைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே ஊமத்தைச் சுருட்டு நூறாண்டுக்கு மேல் ஆஸ்துமா மருந்தாக விற்றது. ஊமத்தை நஞ்சு, அதை யாரும் இன்று தொடக்கூடாது. அதிலுள்ள அட்ரோபீனை வேதியியலார் திருத்தி, இரத்தத்தில் அதிகம் சேராதபடி செய்ததுதான் இப்ராட்ரோபியம். இன்று ஆரணி அரசு மருத்துவமனைக்கு இளைப்போடு வரும் கர்ப்பிணிக்கு நெபுலைசரில் அதைக் கொடுத்தால், அது நம் ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு மருந்தின் பேரன். கர்ப்ப காலத்தில் அதைக் கொடுக்கலாம் என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

நாட்டு மருந்தைப் பற்றிப் பேசும்போது ஆடாதோடையைச் சொல்லாமல் விட முடியாது. பம்பை நிறுத்திய வீட்டில் அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் ஆடாதோடைக் கஷாயம். இருமலுக்கும் இளைப்புக்கும் தமிழர் தலைமுறைகளாகப் பயன்படுத்திய இலை. அதிலுள்ள வாசிசினை அடிப்படையாக வைத்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சினே பிறந்தது. ஆனால் வாசிசினுக்கு இன்னொரு குணம் உண்டு. ஜம்முவிலிருந்த மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டல் தலைமையிலான குழு 1970-களில் அதை ஆராய்ந்து, அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்று காட்டியது. பேறுகால மருந்தாகவும் கருக்கலைப்பு மருந்தாகவும் ஆக்க முடியுமா என்றே ஆராய்ந்தார்கள். இலையென்பதால் பாதுகாப்பு, குப்பியில் வருவதால் ஆபத்து என்று பிரிக்கும் வீட்டுக் கணக்கு இங்கே தலைகீழாகிறது. கர்ப்பிணி தொடக்கூடாதது ஆடாதோடை; தொடரவேண்டியது புடிசோனைடு.

மருந்தில் கவலைப்பட எதுவுமே இல்லையா? உண்டு, மறைக்கக் கூடாது. கனடாவின் கியூபெக்கில் லூசி பிளே குழுவினர் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டதில், முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் உறிஞ்சும் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறை, குறைந்த அளவு எடுத்தவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவ்வளவு மருந்து தேவைப்படுபவர்களுக்கு ஆஸ்துமாவும் கடுமையாக இருக்கும். குறை மருந்தால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோயைக் கட்டுப்படுத்தப் போதுமான மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிட வேண்டும் என்பது. கருவுற்ற பின் குறைத்துப் பார்ப்பது தக்க நேரம் அல்ல.

பிரெட்னிசோலோன் மாத்திரையைப் பற்றிய கவலை இன்னும் பழையது. முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் பிளவுபட்ட உதடு, அண்ணம் கூடுதலாக வருகிறது என்று 2000-இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது: ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆயிரத்தில் ஒன்று மூன்றாகிறது என்று பொருள். 2011-இல் டென்மார்க்கின் பெரிய ஆய்வு அந்தத் தொடர்பைக் காணவில்லை. நச்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியை முடக்கிவிடுவதால், தாயின் இரத்தத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான் குழந்தைக்குப் போகிறது. நீண்ட நாள் எடுத்தால் சர்க்கரை ஏறும். கர்ப்ப காலச் சர்க்கரையை எல்லாக் கர்ப்பிணிகளிடமும் தேட வேண்டும் என்று சென்னை மருத்துவர் வி. சேஷையா வற்புறுத்தி, 2007-இல் தமிழ்நாடு அதைத் தொடங்கியது நமக்கு இங்கே கைகொடுக்கிறது. இளைப்பு முற்றி ஆக்சிஜன் இறங்கும் இரவில் இந்தக் கணக்குகள் எல்லாம் பின்னுக்குப் போக வேண்டும். அப்போது மாத்திரை கொடுப்பதே குழந்தைக்கான மருத்துவம்.

உலக ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியர் எட்டில் ஒருவர் அளவுதான். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ பத்தில் நான்குக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். உறிஞ்சும் ஸ்டீராய்டு எடுக்க வேண்டியவர்களில் மிகப் பலர் எடுக்காததே இதற்கு முக்கியக் காரணம். 2022-ஆம் ஆண்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடிசோனைடு இருக்கிறது. பட்டியலில் இருப்பது கிராமத்து சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் தவறாமல் இருக்க வேண்டும்.

தறி வீட்டுக்குத் திரும்புவோம். பட்டு மூச்சைக் கெடுக்குமா? கூட்டிலிருந்து நூல் எடுக்கும் இடத்தில் கெடுக்கிறது. இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 1985-இல், பட்டு நூல் எடுக்கும் ஆலைகளின் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு ஆஸ்துமா இருப்பதைக் கண்டார்கள். அவர்களில் பலருக்குப் பட்டுப் புரதத்தின் மேலேயே ஒவ்வாமை. ஆரணிக்கு வரும் கோரா பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை எடுத்த பிறகுதான் சாயம் போடுகிறார்கள். அந்தப் பசைதான் செரிசின். ஒவ்வாமை தரும் முக்கியப் புரதங்களில் ஒன்று. ஆகவே தறியில் உட்காருபவளைவிட, கோரா நூலைப் பிரிப்பவளும் சாயப் பட்டறையில் ஆவிக்கு நடுவில் நிற்பவளும் கவனமாக இருக்க வேண்டும். சாயப்பொடியை உலர்ந்த நிலையில் கொட்டிக் கலப்பதை மாசமாக இருக்கும்போது வேறொருவர் செய்யட்டும். அரவை ஆலையில் தவிட்டுத் தூசியும் அப்படித்தான்.

விறகு அடுப்பு உள்ள வீட்டில் அதை மாற்றுவது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று காட்டிய பெரிய ஆய்வு நம் பக்கத்து விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் பங்கெடுத்த, நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்ட ஆய்வு அது. ஆஸ்துமாவைப் பற்றியதல்ல; பிறப்பு எடையைப் பற்றியது. எரிவாயு அடுப்பு கொடுத்ததும் பெண்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. எனினும் குழந்தைகளின் எடை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று 2022-இல் அறிவித்தார்கள். புகையைக் குறைப்பதற்கு வேறு நூறு காரணம் உண்டு. இளைப்புள்ள பெண்ணுக்கு அது மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல.

பேறுகாலத்தில் மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு செய்தி அட்டையின் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்: இவளுக்கு ஆஸ்துமா. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காதபோது போடும் கார்போப்ராஸ்ட் ஊசி மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஆஸ்துமா உள்ளவளுக்கு அது கூடாது. ஆக்சிடோசின் போடலாம். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறினால் பரவலாகக் கொடுக்கும் லாபெடலால் மாத்திரையும் இளைப்பைக் கிளப்பக்கூடும். மெத்தில்டோபா, நிஃபெடிபின் என்று வேறு வழிகள் இருக்கின்றன. பம்புக்கு அஞ்சுபவர்கள் கார்போப்ராஸ்ட், லாபெடலால் என்ற இரண்டு பெயர்களுக்கு அஞ்சினால் பயனுண்டு. பல நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவள் என்றால், வலி எடுக்கும் நேரத்தில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவைப்படும். அதையும் சொல்ல வேண்டும். பிரசவ அறைக்குள் போகும்போது அவள் பம்ப் அவளோடு போகட்டும்.

குழந்தை பிறந்த பிறகும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. உறிஞ்சும் மருந்து தாய்ப்பாலில் சேர்வது மிக மிகக் குறைவு. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். குளிப்பாட்டிய பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் சாம்பிராணிப் புகை காட்டுவதை இந்த வீட்டில் விட்டுவிடலாம். மூன்று மாதத்துக்குள் ஆஸ்துமா பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடும். எந்த மாதம் இளைப்பு கூடியது, எந்த அளவு மருந்தில் அடங்கியது என்பதை அட்டையில் எழுதிப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்திலும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஏறத்தாழ அதே போக்கில்தான் வரும்.